பார்ப்பதற்கு ஒன்றுமில்லாத ஊர்

எங்கள் ஊரில் பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை என்ற உண்மையை உலகிலேயே முதலில் கண்டறிந்து அறிவித்தவன் நான். கல்லூரிப் பத்திரிகையில் அதை ஆதாரத்தோடு நிறுவியும் இருக்கிறேன். என் அக்காவுக்கு மட்டும் அது உறைக்கவில்லை. ஏரியில் மிதிபடகு வாடகைக்கு விடுகிறாள். வழி தவறி வருகிற வெளியூர்க்காரர்களிடம் எதிர்க்கரைப் பாறையைக் காட்டி, "அதோ பாருங்க, யானை படுத்திருக்கு," என்பாள்.

"அது யானைன்னா நம்ம அத்தான் சிங்கம்க்கா."

"வாய் மட்டும் இல்லேன்னா உன்னை நாய் தூக்கிட்டுப் போயிரும்டா."

அன்று மாலை ஓர் அப்பாவும் சின்ன மகளும் படகேறினார்கள். மதகு திறந்திருக்கிறது, எல்லைக்காக மிதக்கவிட்ட சிவப்புப் பீப்பாய்களைத் தாண்ட வேண்டாம் என்று சொல்லித்தான் அக்கா அனுப்பினாள். திடீரென்று காற்று கிளம்பியது. படகு பீப்பாய்களைத் தாண்டி மதகுப் பக்கம் ஒதுங்கியது.

"திரும்புங்க! திரும்புங்க!" அக்கா கத்தினாள்.

இருவரும் அழகாகத் திரும்பினார்கள். அக்கா படம் எடுக்கிறாள் என்று நினைத்துச் சிரித்தார்கள். அப்பா தலையை வேறு கோதிக்கொண்டார்.

"ஐயோ, மூஞ்சியை இல்லைங்க, படகை!"

அவர் மதகைப் பார்த்தார். சிரிப்பு செத்தது. வெறி பிடித்தவர்போல் மிதித்தார். பாசி சுற்றி மிதி இறுகிவிட்டது.

அக்கா அத்தானைக் கூவி அழைத்தாள். நீளக் கயிற்றின் ஒரு முனையை அவளும் அத்தானும் பிடித்துக்கொள்ள, மறுமுனையோடு நான் இன்னொரு படகில் பாய்ந்தேன். தொடை எரிய எரிய மிதித்தேன். அவர்கள் படகின் வளையத்தில் கயிற்றைக் கட்டி, விளிம்பைப் பற்றிக்கொண்டு கையை ஆட்டினேன். கரையில் இழுத்தார்கள். கயிறு விறைத்தது, படகு அசையவில்லை.

மதகில் தண்ணீர் உறுமியது. அதைப் பார்த்த சிறுமி அலறி எழுந்தாள். படகு சாய்ந்தது.

"உக்காரும்மா, என் கண்ணுல்ல!" அப்பா கெஞ்சினார். அவள் காதில் விழவில்லை. ஓர் அடி எடுத்து வைத்தால் எல்லோரும் தண்ணீரில்.

"பாப்பா, அங்க என்ன பார்க்கிறே? இந்தப் பக்கம் யானை படுத்திருக்கு பாரு," என்றேன்.

"எங்க?"

"உக்காந்து பார்த்தாத்தான் தெரியும்."

உட்கார்ந்தாள். படகு நிமிர்ந்து, அக்காவும் அத்தானும் இன்னும் பலமாக இழுக்க, கரையை நோக்கி மெல்ல நகர்ந்தது.

"தும்பிக்கை எங்கண்ணா?"

தும்பிக்கை, காது, வால் என்று ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே வந்தேன்.