இரண்டாம் எண்

காபித் தட்டை ஒரு சொட்டுகூடச் சிந்தாமல் கொண்டுவந்து வைத்தாள் தமயந்தி. கணவர் பாலகுமாரின் முகத்தில் அவரே காபி போட்டதைப் போன்ற பெருமை. மகள் தர்ஷினியைப் பெண் பார்க்க அத்திபெலேயிலிருந்து பெங்களூர் அல்சூருக்கு வந்திருந்தவர்களிடம், தமயந்தியின் நடுக்குவாதத்தைப் பற்றி யாரும் மூச்சுவிடவில்லை. அவள் மூளைக்குள் மெல்லிய கம்பிகள். மார்புத் தோலுக்கடியில், அவற்றுக்கு மின்சாரம் அனுப்பும் சின்னக் கருவி. அதன் ரிமோட்டில் டாக்டர் இரண்டு எண்கள் வைத்திருந்தார். ஒன்றில் கை நடுக்கம் நிற்கும், நாக்கு குழறும். இரண்டில் பேச்சு தெளியும், கை ஆடும். வேண்டியபடி மாற்றிக்கொள்ளுங்கள் என்று அவர் சொன்னது தமயந்தியிடம்தான். ஆனால் ரிமோட் குடியிருந்தது பாலகுமாரின் சட்டைப் பையில். விருந்தாளி வந்தால் ஒன்று, போனாலும் ஒன்று. வீடு அமைதியாக இருப்பதில் மனிதருக்கு அப்படி ஒரு திருப்தி.

பையனின் அம்மா மரகதம் காபியைக் குடித்து முடித்துவிட்டு, கல்யாணத்துக்குப் பிறகு தர்ஷினிக்கு வைட்ஃபீல்ட் ஆபீஸ் வேலையெல்லாம் வேண்டாம், வீட்டைப் பார்த்துக்கொண்டால் போதும் என்றாள். அதற்கென்ன என்றார் பாலகுமார். தர்ஷினி ஏதோ சொல்ல வந்தாள். பெரியவர்கள் பேசும்போது குறுக்கே வராதே என்று அடக்கிவிட்டார். அந்த வேலைக்கு மகள் பட்ட பாட்டைக் கூடவே இருந்து பார்த்தவள் தமயந்தி. முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தாள். கொழகொழவென்று என்னவோ வந்தது.

"அவளும் சரின்னுதான் சொல்றா" என்றார் பாலகுமார்.

தமயந்திக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்துபோய், அத்தனை பேர் முன்னாலும் அவர் சட்டைப் பைக்குள் கைவிட்டு ரிமோட்டை எடுத்து, இரண்டாம் எண்ணுக்கு மாற்றினாள். சற்று நேரத்தில் வலது கை உதறத் தொடங்கியது. மரகதம் புடவையை ஒதுக்கிக்கொண்டு தள்ளி உட்கார்ந்தாள்.

"தமா, எல்லாரும் பாக்கறாங்க. ஸ்வல்பம் அட்ஜஸ்ட் பண்ணு. ஒண்ணுல போட்டுடு."

நாக்கு தன் வசம் வரும்வரை தமயந்தி காத்திருந்தாள்.

"பாக்கட்டும். நான் சரின்னு சொல்லல" என்றாள். ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விழுந்தது. மரகதத்தின் பக்கம் திரும்பினாள். "எனக்கு இருக்கற சீக்கு இதாங்க. மறைக்க ஒண்ணுமில்ல. என் பொண்ணு வேலைய விடமாட்டா. அதையும் கேட்டுக்கங்க."

மரகதம் கூட வந்தவர்களைத் திரும்பிப் பார்த்தாள். பாலகுமார் ரிமோட்டுக்காகக் கை நீட்டினார். தமயந்தி அதை இடுப்பில் செருகிக்கொண்டு, ஆறிப்போன தன் காபியை எடுத்தாள். டம்ளர் டபராவில் கடகடவென்று மோதியது. தர்ஷினி தாங்கிப் பிடிக்க வந்தாள். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, புடவையெல்லாம் சிந்தச் சிந்த, நிதானமாகக் குடித்தாள்.