மிலோவின் பெயரைக் கூப்பிட்ட நாள்

“உள்ளேன்!”

வாசல் பக்கமிருந்து வந்த அந்தக் குரலைக் கேட்டு முன்வரிசைக் குதிரைகள் காதை விறைத்துக்கொண்டன. எங்கள் முப்பத்தைந்தாம் டிராகன் குதிரைப்படை ரெஜிமென்ட் மொத்தமும் பாசறை முற்றத்தில் அணிவகுத்து நின்றிருந்தது. இரும்புத் தொப்பிகளின் பின்னால் குதிரைவால் முடி அசையாமல் தொங்கியது. அணியில் நின்றவர்களின் கண்கள் எல்லாம் வாசல் பக்கம் போயின.

ஏனென்றால் கூப்பிடப்பட்டது ஒரு செத்தவனின் பெயர்.

ஒவ்வொரு ஆகஸ்டிலும், எங்கள் குதிரைகள் எதிரிமேல் பாய்ந்ததை நினைவுகூரும் பாய்ச்சல் நாளன்று, முதல் ஸ்குவாட்ரன் கேப்டன் வருகைப் பதிவு எடுப்பார். முதலில் வரும் பெயர் “எக்காளக்காரன் மிலோ, கஸ்பார்!” வரிசையிலிருந்து ஒருவன், “போர்க்களத்தில் வீரமரணம்!” என்று பதில் சொல்வான். ஆயிரத்து எண்ணூற்று எழுபதில் ஜெர்மன்காரனோடு போட்ட சண்டை முடிந்ததிலிருந்து எங்கள் ரெஜிமென்டில் இதுதான் வழக்கம். கடந்த சில வருஷங்களாக அந்தப் பதிலைச் சொல்வது சார்ஜென்ட் பிர்மேன் மிலோ. செத்தவனின் மகன். அன்றும் அவன் பதில் சொல்ல வாயைத் திறந்திருந்தான். அதற்குள் வாசலில் நின்ற யாரோ ஒருவன் முந்திக்கொண்டான்.

அன்று காவல் கார்ப்பரல் நான். தியெபோ என்று பெயர். பிர்மேனும் நானும் ஒரே லாயத்தில் சாணி அள்ளி வளர்ந்தவர்கள். வாசலுக்கு ஓடினேன். கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு மெலிந்த ஒரு ஆள் நின்றிருந்தான். ஐம்பதைத் தாண்டாத வயதுதான். ஆனால் இருமல் அவனை எழுபதாக்கியிருந்தது. மரம் அறுப்பவர்களின் தோல் மேலங்கி, கையில் தொப்பி.

“யாருய்யா நீ?” என்றேன்.

“இப்பத்தானே தம்பி கூப்பிட்டாங்க? அந்த ஆளுதான்.”

முற்றத்தில் கேப்டன் சமாளித்துக்கொண்டு அடுத்த பெயருக்குப் போய்விட்டார். நான் அந்த ஆளைக் காவலறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினேன்.

வேறு எந்த வருஷமாக இருந்தாலும் அவனுக்கு ஒரு கோப்பை ஒயின் கொடுத்துச் சிரித்து அனுப்பியிருப்போம். லூனவில் ஊரில் குடிகாரர்களுக்கா பஞ்சம்? ஆனால் இந்த வருஷம் மதியம் ஜெனரல் வருகிறார். எங்கள் ரெஜிமென்டின் வரலாறு புத்தகமாக அச்சாகி, பிரான்சின் மூவர்ண நாடா கட்டி, கர்னலின் மேஜையில் அவருக்காகக் காத்திருந்தது. பிர்மேன் சோமூர் குதிரைப்படைப் பள்ளிக்குத் தேர்வான செய்தியை ஜெனரலே தன் வாயால் அறிவிக்கப்போகிறார். அங்கே போய் வந்தால் அவன் அதிகாரி. துணி துவைத்தும் சிப்பாய்களுக்குச் சோறு பொங்கியும் வளர்த்த ஒரு தாயின் மகனுக்கு அந்தக் கதவு சும்மா திறந்துவிடவில்லை. அப்பன் பெயர்தான் திறந்தது. பிர்மேன் நல்ல சவாரிக்காரன்தான். அவனைவிட நல்ல சவாரிக்காரர்களும் எங்களிடம் இருந்தார்கள். அது அவனுக்கும் தெரியும்.

காவலறையில் பையன்கள் அந்த ஆளைச் சுற்றிக்கொண்டார்கள். சொர்க்கத்தில் குதிரைக்குத் தீனி எப்படி என்று ஒருவன் கேட்டான். செத்தவருக்கும் லீவு முடிந்தால் தண்டனை உண்டா என்று இன்னொருவன். அந்த ஆள் கோபப்படவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, ஊர்பேர் எல்லாம் சரியாகச் சொன்னான். அந்தக் காலத்துக் கேப்டனுக்கு எந்தக் குதிரை, எந்த லாயத்தில் மழை ஒழுகும், எல்லாம். பையன்களின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது.

கதவு படாரென்று திறந்தது. பிர்மேன். முகம் வெளுத்திருந்தது.

“எவன் சொல்லி வந்தே?” என்றான். “எந்த ரெஜிமென்ட்காரன் குடிக்க வாங்கிக் கொடுத்து அனுப்பினான்?”

அந்த ஆள் அவனை ஏற இறங்கப் பார்த்தான். எழுந்து நிற்க முயன்று, இருமல் வந்து, மறுபடி உட்கார்ந்துவிட்டான்.

“எங்க அப்பா மூணு தடவை பாய்ச்சல் ஊதிட்டு பீரங்கி வாயில விழுந்தவர். அவர் பேரைச் சொல்லிக் குடிக்கிறியா?”

“ஊதலப்பா” என்றான் அந்த ஆள். “ஒரு தடவைகூட ஊதல.”

பிறகு அவன் சொன்னதை நாங்கள் எல்லோரும் கேட்டோம். கேட்காமல் இருந்திருக்கலாம். சண்டை நடந்த அன்று ரெஜிமென்ட் ஒரு சரிவில் நின்றிருந்ததாம். பின்வாங்கும்படி உத்தரவு வந்திருந்தது. அதை ஊதுவதற்காக அவன் எக்காளத்தை உதட்டுக்குக் கொண்டுபோன நேரம், வலப்பக்கம் நின்ற வேறொரு ரெஜிமென்ட் தன் பாய்ச்சலை ஊதிவிட்டது.

“நம்ம குதிரைங்க யாரையும் கேக்கல” என்றான். “கர்னலோட குதிரைதான் முதல்ல போச்சு. அவர் பாவம், வாளை உருவாம வேற என்ன பண்ணுவார்?”

யாரும் சிரிக்கவில்லை. குதிரைப்படைக்காரன் யாரும் சிரிக்கமாட்டான். தீனி நேரத்து அழைப்பை ஊதினால் நாங்கள் கண்ணைக் கசக்குவதற்குள் லாயம் முழுக்கக் கனைக்கும். பாய்ச்சலை ஊதினால் சேணத்தில் இருப்பவன் அழுதாலும் தொழுதாலும் குதிரை பாயும். எந்த ரெஜிமென்டின் எக்காளம் என்று குதிரை பார்ப்பதில்லை. பயிற்சித் திடலில் இதனாலேயே நான் ஒருமுறை முன்பல்லை இழந்திருக்கிறேன். அந்த ஆள் சொன்னது பொய்யாக இருக்கலாம். ஆனால் நடக்காத விஷயம் இல்லை. அந்தச் சரிவில் எங்கள் ஆட்கள் நூற்றுக்கு மேல் செத்தார்கள். முற்றத்துச் சுவரில் அத்தனை பெயரும் பளிங்கில் இருக்கிறது.

தன் குதிரை விழுந்த பிறகு அவன் எழுந்து நடந்தானாம். திரும்பி வரவில்லையாம். வோஜ் மலைக்கு அந்தப் பக்கம், ஜெர்மன்காரன் பிடித்துக்கொண்ட பகுதியில், வேறு பெயரில் மரம் அறுத்திருக்கிறான்.

“இப்ப எதுக்கு வந்தீர்?” என்று நான் கேட்டேன். எனக்கே தெரியாமல் மரியாதை வந்துவிட்டது.

“மருத்துவர் குளிர்காலம் தாண்டாதுன்னுட்டார். சாகறது சரி, எந்தப் பேர்ல புதைப்பாங்க? மலையில எனக்கிருக்கிறது எவனோட பேரோ. என் பேர்ல ஒருத்தன் ஏற்கெனவே செத்துட்டான், வருஷா வருஷம் ஊரறியச் சாகறான். அந்தப் பேரைக் கேட்டு வாங்கிட்டுப் போகலாம்னு வந்தேன், தம்பி. வேற ஒண்ணும் வேண்டாம்.”

கர்னல் தெ மார்சாக் வந்தபோது பையன்கள் சுவரோரம் விறைப்பாக நின்றார்கள். அவர் குரலை உயர்த்தும் மனிதர் இல்லை. பையன்களை வெளியே போகச் சொன்னார். பிர்மேனையும் என்னையும் மட்டும் நிறுத்திக்கொண்டார். அந்த ஆளை முதலிலிருந்து சொல்லச் சொல்லி, நின்றபடியே கேட்டார். குதிரைகள் தாமாகவே போன இடம் வந்ததும் கையுறையைக் கழற்றி, மறுபடி மாட்டிக்கொண்டார். அந்தப் புத்தகத்தில் பாய்ச்சலைப் பற்றிய நடுப்பக்கத்தை எழுதியவர் அவர்தான்.

“இத்தனை வருஷத்துக்கு அப்புறம் உன்னை யாரும் சுடப்போறதில்ல” என்றார் கடைசியில். “ஆனா நீ மிலோன்னா, இந்தச் சார்ஜென்ட் ஓடிப்போனவனோட பிள்ளை. அவன் எங்க போகணுமோ அங்க போகமுடியாது. நீ மிலோ இல்லைன்னா, நீ ஒரு நோயாளி. ராணுவ டாக்டர் ஒரு வண்டி தருவார், நான்சி நகரத்துப் பக்கம் மனநோய் விடுதியில படுக்கை கிடைக்கும், சூடா சூப் கிடைக்கும். எது உண்மைன்னு நான் முடிவு பண்ணப்போறதில்ல.” பிர்மேன் பக்கம் திரும்பினார். “நீ சொல்லு.”

பிர்மேன் பிறப்பதற்கு முன்பே செத்தவன் அவன் அப்பா. படம்கூட இல்லை. அவன் அந்த ஆளின் காதைப் பார்த்தான், விரல்களைப் பார்த்தான், தன் விரல்களைப் பார்த்தான். நெற்றியிலிருந்து வியர்வை மூக்கு நுனிக்கு வந்து சொட்டியது.

“எனக்குத் தெரியலை, கர்னல்” என்றான். “அம்மாவைக் கேக்கணும்.”

லெயோனி அம்மாவைக் கூட்டி வர நான்தான் போனேன். எங்கள் ரெஜிமென்டின் கேன்டீன் அவளுடையது. மிலோவின் விதவை என்பதற்காகக் கொடுத்த இடம். எங்களில் பாதிப்பேருக்கு அவள்தான் காய்ச்சலுக்குக் கஷாயம், காதல் தோல்விக்கு வசவு. அன்றைக்கு விருந்துக்காக மிராபெல் பழப் பணியாரம் தட்டுத் தட்டாக அடுக்கிக்கொண்டிருந்தாள். கையெல்லாம் மஞ்சள் சாறு. முற்றத்துச் சேதி அடுப்படிக்கு எனக்கு முன்பே வந்திருந்தது.

“எவனோ ஒருத்தன் வந்திருக்கானாமே?” என்றாள். “விருந்து நாள்ல எனக்கு இதுவும் ஒரு வேலையா?”

வழி முழுக்க என்னைத் திட்டிக்கொண்டே வந்தாள். காலணி அழுக்கு, தொப்பி கோணல், இந்த அழகில் காவல் வேறு. காவலறை வாசலில் திட்டு நின்றது. உள்ளே போய், சாறு படிந்த கையை ஏப்ரனில் துடைத்தாள். மறுபடி துடைத்தாள். அந்த ஆள் இந்தமுறை எப்படியோ எழுந்து நின்றுவிட்டான். தொப்பியை நெஞ்சோடு பிடித்திருந்தான்.

கர்னல் மரியாதையாகக் கேட்டார். “மதாம் மிலோ, அவசரமில்ல. நல்லாப் பாருங்க. இவர் உங்க புருஷனா?”

அவள் நல்லாத்தான் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். பிறகு மகனைப் பார்த்தாள். அவன் சட்டைக் காலரில் ஒரு பொத்தான் கழன்றிருந்ததைப் போட்டுவிட்டாள்.

“என் புருஷன் செத்துட்டார், கர்னல்” என்றாள். “இந்த ஆளை நான் பார்த்ததில்ல.”

அந்த ஆள் தலையை மெல்ல ஆட்டினான். யாரும் கேட்காமலே அவனே சொன்னான்: “மன்னிச்சுக்குங்க மதாம். மலையில தனியா இருந்து புத்தி பிசகிப்போச்சு. பேப்பர்ல படிச்ச பேரை என் பேர்னு நினைச்சுட்டேன்.”

அவள் திரும்பிப் பார்க்காமல் போனாள். கர்னல் வெளியேறும்போது அந்த ஆளுக்கு ஒரு நாற்காலி கொடுக்கச் சொன்னார்.

ஜெனரல் வந்தார். பருத்த, சந்தோஷமான மனிதர். புத்தகத்தை வாங்கிக்கொண்டு, நாடாவைப் பிரிக்காமலே புகழ்ந்து பேசினார். சோமூர் அறிவிப்பு வந்தது, கைதட்டல். அதோடு விட்டிருக்கலாம். எங்கள் ரெஜிமென்டின் வழக்கத்தைப் பற்றி நிறையக் கேள்விப்பட்டிருப்பதாகவும், அதைத் தன் காதால் கேட்க ஆசை என்றும் சொன்னார்.

கேப்டன் கர்னலைப் பார்த்தார். கர்னல் தரையைப் பார்த்தார்.

“எக்காளக்காரன் மிலோ, கஸ்பார்!”

நான் காவலறை ஜன்னலோரம் நின்றிருந்தேன். முற்றம் தெரியும். நாற்காலியில் அந்த ஆளும் தெரிவான். பெயர் காதில் விழுந்ததும் அவன் உதடு பிரிந்தது. பிறகு தன் தொப்பியைக் கடித்துக்கொண்டான். சின்னப் பிள்ளைகள் அழுகையை அடக்கும்போது கடிப்பார்களே, அப்படி.

முற்றத்தில் பதில் இல்லை. பிர்மேனின் குதிரை காலை மாற்றி வைத்தது. ஜெனரல் புன்னகை மாறாமல் காத்திருந்தார். வரிசையில் யாரோ இருமினான். பிர்மேன் எங்கள் ஜன்னல் பக்கம் திரும்பியதை நான் பார்த்தேன். அவன் கண்ணுக்கு உள்ளே இருட்டுதான் தெரிந்திருக்கும்.

“போர்க்களத்தில்...” என்று ஆரம்பித்தான். நின்றது. “போர்க்களத்தில் வீரமரணம்!”

ஜெனரலின் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு உணர்ச்சியோடு ஒருவன் பேசியதைத் தான் கேட்டதே இல்லை என்று பக்கத்திலிருந்தவர்களிடம் சொன்னாராம்.

விருந்தில் பிர்மேன் எதையும் தொடவில்லை. யார் வாழ்த்தினாலும் கோப்பையைத் தூக்கினான், குடிக்காமல் வைத்தான். லெயோனி அம்மா அவன் தட்டில் பணியாரத்தை வைத்து, சாப்பிடு என்று மட்டும் சொன்னாள். அவள் முகத்தில் அவன் எதையோ தேடினான். அவள் அடுத்த மேஜைக்குப் போய்விட்டாள்.

சாயங்காலம் ஆஸ்பத்திரி வண்டி வந்தது. டாக்டரின் ஆட்கள் இருவர். இருவருக்கும் விருந்தின் ஒயின் தலைக்கேறியிருந்தது. துணைக்குப் போக வேண்டியவன் நான். அந்த ஆளுக்கு நடக்கத் தெம்பில்லை. வாசலில் வண்டிப் படி உயரமாக இருந்ததால், ஒருவன் மேலே ஏறி நின்று அவனை இழுக்கக் கை நீட்டினான்.

கேன்டீன் பக்கமிருந்து லெயோனி அம்மா வேகமாக வந்தாள். அந்த ஆளின் முகத்தை அவள் பார்க்கவில்லை. அவனும் தலை நிமிரவில்லை. என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்து, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

“இடது தோளைப் பிடிச்சு இழுக்க வேண்டாம்னு வண்டியில நிக்கிறவன்கிட்டச் சொல்லு, தியெபோ. சண்டை முடிஞ்சு அவர் வந்தப்போ பரண்ல ஒளிச்சு வெச்சு நான்தான் கட்டுப் போட்டேன்; எலும்பு கோணலாத்தான் கூடிச்சு.”