அளவு தெரியாத கடை

கண்ணாடிக்காரர் தம் கடையைப் பற்றி இணையத்தில் வந்திருந்த வரிகளை ஏழாவது முறையாகப் படித்தார். 'அளவு தெரியாத கடை. இவர்கள் எடுத்த அளவை நம்பிக் கண்ணாடி போட்டேன். படியில் உருண்டதுதான் மிச்சம்.' அதற்கு மேலே ஐந்து நட்சத்திரங்களில் ஒன்றுமட்டும் மஞ்சளாக இருந்தது. எழுதியவர் பெயருக்குரிய இடத்தில் 'நேர்மையான வாடிக்கையாளர்' என்றிருந்தது.

அந்த நேர்மையாளர் யாரென்று அவருக்குத் தெரியும். அண்மையில் படியில் உருண்டவர் ஒருவர்தான்: மகளுடைய மாமனார், அவருடைய சம்பந்தி.

போன மாதம் சம்பந்தி வந்து, மேலே தூரப் பார்வையும் கீழே படிப்பும் சேர்ந்த கண்ணாடி வேண்டுமென்றார். ஒரு மணி நேரம் பிரேம்களைப் போட்டுப் போட்டுக் கழற்றினார். கடைசியில் மேலும் கீழும் அகன்ற ஒரு பிரேமைப் பிடித்திருப்பதாகச் சொல்ல, கண்ணாடிக்காரர் அதை அவர் மூக்கில் அமர்த்தி, நேரே பார்க்கச் சொல்லி, கருவிழிக்கு எதிரே மையால் புள்ளி வைத்து, அளவுகளைச் சீட்டில் எழுதினார். சம்பந்தி சீட்டைப் போனில் படம் பிடித்துக்கொண்டார். "வீட்ல ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன்" என்று போனவர் போனவர்தான்.

இது புதிதன்று. கடைக்கு நேர் மேலே கண் டாக்டரின் மருத்துவமனை. முன்பெல்லாம் சீட்டோடு இறங்குகிறவர்கள் நேரே கடைக்குள் நுழைவார்கள். இப்போதும் நுழைகிறார்கள், அளவு மட்டும் எடுத்துக் கொடுக்கச் சொல்கிறார்கள். பத்து நாள் கழித்து ஆன்லைனில் வந்த கோணல் பிரேமைக் கொண்டுவந்து நிமிர்த்தித் தரச் சொல்கிறார்கள். அத்தனையையும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துவந்தார். ஆனால் நேற்று மேலிருந்து நர்ஸ் வந்து தயங்கித் தயங்கிச் சொன்னதை அவரால் விழுங்க முடியவில்லை.

"டாக்டர் அதைப் படிச்சாருங்க. இனிமே யாருக்கும் உங்க கடை பேரைச் சொல்ல வேணாம்னுட்டார்."

இருபத்தாறு ஆண்டுகளில் ஓர் அளவு தவறியதில்லை. பதில் எழுத அப்போதே போனை எடுத்தார். மனைவிதான் கையைப் பிடித்தாள்.

"நம்ம பொண்ணு அந்த வீட்ல இருக்கா. நாலு நாள் வாயைக் கட்டிக்கிட்டு இருந்தா குடியா முழுகிடும்?"

"என் கடைதான் முழுகுது."

இருந்தும் மகளுக்காக வாளாவிருந்தார். இன்று காலை சம்பந்தியே வந்து நின்றார். தாடையில் காயம் ஆறிக் கறுத்திருந்தது. மூக்கின்மேல் குறுகலான புதுக் கண்ணாடி.

"என்ன சம்பந்தி, சௌக்கியமா? இதைக் கொஞ்சம் நெளிச்சு விடுங்க. தரையெல்லாம் அலையடிக்குது."

கண்ணாடிக்காரர் பேனாவை எடுத்தார். அன்று செய்ததுபோலவே நேரே பார்க்கச் சொல்லி, கருவிழிக்கு எதிரே லென்ஸில் புள்ளி வைத்து, முகக்கண்ணாடியைத் திருப்பிக் காட்டினார்.

"நான் வச்ச புள்ளி இங்க இருக்கு. தூரம் பார்க்கற இடம் அதுக்கு மேல, நெத்திப் பக்கமா போயிருக்கு பாருங்க. நீங்க படிக்கற பாகத்து வழியாத் தரையைப் பார்த்துட்டு நடந்திருக்கீங்க."

"நீங்க எழுதின நம்பரைத்தானே போட்டேன். ஒண்ணுகூட மாத்தலையே."

"நம்பரை மாத்தலை. பிரேமை மாத்திட்டீங்க. புள்ளியோட உயரம் அந்த அகலப் பிரேமோட அடி விளிம்புலேர்ந்து எடுத்தது. உங்க செருப்பு அளவை வச்சு எனக்குச் செருப்பு வாங்குவீங்களா?"

சம்பந்தி காயத்தைத் தடவிக்கொண்டார். "இது பாதி விலைக்குக் கிடைச்சுது. சரி, அதை விடுங்க. நெளிச்சா சரியாயிடுமா, ஆகாதா?"

"ஆகாது. லென்ஸே வேற போடணும். வாங்கின இடத்துல திருப்பிக் குடுங்க."

"பத்து நாள் தாண்டிடுச்சாம். வாங்க மாட்டேங்கறான்."

"அவன் வாங்க மாட்டான். அவனைப் பத்தி ஒரு வார்த்தை எழுதினீங்களா? என் கடையை மட்டும் ஊரறிய எழுதினீங்க."

"நான் எங்க எழுதினேன்? எனக்கு அதெல்லாம் அடிக்க வராது. நான் சொன்னேன், உங்க பொண்ணுதான் அடிச்சுக் குடுத்தா." சம்பந்தி இதை நியாயம்போலவே சொன்னார்.

கண்ணாடிக்காரர் யாருக்காக வாயைக் கட்டியிருந்தாரோ, அவள் விரல்களைக் கொண்டே சம்பந்தி எழுதச்செய்திருக்கிறார். கண்ணாடிக்காரர் போனை எடுத்தார், சம்பந்தி பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினார்.

'இக்கண்ணாடி எங்கள் கடையில் வாங்கப்பட்டதன்று. நாங்கள் வேறொரு பிரேமுக்கு எடுத்த அளவை இலவசமாகக் கொண்டுபோய், இந்தப் பிரேமை ஆன்லைனில் வாங்கியிருக்கிறார். விழுந்ததற்கு அதுவே காரணம். ஐயமுள்ளவர்கள் நேரில் வரலாம். புள்ளி வைத்துக் காட்டுகிறேன்.' அடியில் கடையின் பெயரையும் தம் பெயரையும் சேர்த்து அனுப்பினார்.

"சொந்தத்துக்குள்ள இப்படிச் சந்தி சிரிக்க வைக்கணுமா?" என்றார் சம்பந்தி.

"உங்க பேரைப் போடலை சம்பந்தி. நேர்மையான வாடிக்கையாளர்னுதானே இருக்கு."

சம்பந்தி விறைப்பாகத் திரும்பினார். வாசற்படியில் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கதவைப் பிடித்தபடி இறங்கினார்.

கால் மணி நேரத்தில் மகள் அழைத்தாள். குரல் அடங்கியிருந்தது. "அப்பா, உங்க பதிலைப் பார்த்தேன். மாமா பக்கத்துலயே உக்காந்து சொல்லிக்கிட்டே இருந்தார்ப்பா, என்னால... நான் போட்டதை இப்பவே அழிச்சிடறேன். அவர்கிட்ட நான் பேசிக்கறேன்."

"அழிக்காதேம்மா" என்றார். "அழிச்சா என் பதிலும் கூடவே போயிடும். ரெண்டும் இருக்கட்டும். முதல்ல மேல போய் டாக்டர்கிட்ட படிச்சுக் காட்டிட்டு வர்றேன்."