மூட்டாத அடுப்பு

அடுப்பு அணைந்து பதினொரு நாட்களாகிவிட்டன. அன்று காலை முன்னறையின் வெப்பமானி ஒன்பது பாகை காட்டியது. அப்பாவின் கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, அம்மா அடுப்புக்கு எதிரே இருந்து இருமினார். கண்ணாடிக் கதவுக்கு உள்ளே பழைய சாம்பல் அப்படியே கிடந்தது.

லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் உள்ள எங்கள் வீட்டுக்குச் சூடு தருவது அந்த விறகு அடுப்பு மட்டும்தான். முன்பு வீட்டைச் சூடாக்கிய பொயிலர் போன பனிக்காலத்தில் நின்றுபோனது. அப்பா அதைத் திருத்த விரும்பவில்லை. லண்டனுக்கு வருமுன் நோர்வேயின் வடக்கில் மீன் தொழிற்சாலையில் வேலை செய்தவர். அந்தக் குளிரையே விறகால் சமாளித்தேன், இதெல்லாம் ஒரு குளிரா என்பார். நான் இரசாயனவியல் படித்து முடித்ததும், விறகின் ஈரத்தை அளக்கும் கருவி ஒன்று வாங்கினேன். அதைக் கட்டைகளில் குத்திப் பார்க்கும்போதெல்லாம், "விறகுக்கும் காய்ச்சல் பாக்குது பிள்ளை" என்று சிரிப்பார்.

விடியற்காலையில் அவர்தான் அடுப்பை மூட்டுவார். கடைசி நாளும் கூடையுடன் பின்வளவுக்குப் போனார். நான் வேலைக்குப் புறப்பட்டு இறங்கி வந்தபோது, விறகுக் கொட்டிலுக்கு முன்னால் விழுந்து கிடந்தார். கூடை பாதி நிறைந்திருந்தது.

திடீர் மரணம் என்பதால் பிரேத பரிசோதனைக்குக் கொண்டுபோனார்கள். மாரடைப்பு என்று தெரிந்த பிறகும், தகனத்துக்கு நாள் கிடைக்க இன்னும் ஒரு வாரம் இருந்தது.

உடல் எரியும்வரை செத்த வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. உறவினர் சாப்பாடு கொண்டுவருவார்கள். அம்மாவின் அக்கா, சிவனேஸ்வரி பெரியம்மா, ஈஸ்ட் ஹாமிலிருந்து தினமும் பஸ்ஸில் சோறு கொண்டுவந்தார். "குசினியிலை சமைக்கிற அடுப்பு மட்டுமில்லை. நெருப்பெண்டால் நெருப்புத்தான்" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். ஊரில் ஒரே நாளில் முடிந்துவிடும் காரியம் இங்கே இத்தனை நாள் இழுபடும் என்று அவர் நினைத்திருக்கமாட்டார்.

குளிருக்கென்று ஒரு மின்சார ஹீட்டரையும் அவரே அனுப்பினார். அதில் நெருப்பு இல்லை. ஆனாலும் நான் வெளியே போய்த் திரும்பும்போதெல்லாம் அதன் வயர் கழற்றிக் கிடந்தது. "எனக்குக் குளிரேல்லை" என்பார் அம்மா. அவருடைய விரல் நகங்கள் நீலமாக இருந்தன. எனக்கு அது விளங்கவில்லை.

முந்தின நாள் அம்மாவை டாக்டரிடம் கூட்டிப்போயிருந்தேன். நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது, இப்படியே குளிரில் இருந்தால் ஆஸ்பத்திரியில் மறித்து வைத்துவிடுவார்கள், தகனத்துக்குப் போக முடியாது என்றார் அவர். அன்றிரவே அதைப் பெரியம்மாவுக்குச் சொன்னேன்.

மறுநாள் காலை பெரியம்மா வந்ததும் சோற்றுப் பாத்திரத்தை மேசையில் வைத்தார். கோட்டைக் கழற்றவில்லை.

"நாயகி, ஐயருக்கு போன் எடுத்தனான். சூட்டுக்கு மூட்டுறதிலை குற்றமில்லையாம்."

"வேண்டாம் அக்கா."

"வேண்டாமெண்டு சொன்னதே நான்தான். இப்ப நானே மூட்டச் சொல்றன்."

"வேண்டாம்."

"அப்ப ஆஸ்பத்திரிக் கட்டிலிலை படுத்துக்கொண்டோ மனுசனை அனுப்பப்போறாய்? கலியாணத்தண்டு கூறைச்சீலை கனக்குது, கட்டமாட்டன் எண்டு நிண்டவள்தானே நீ. அண்டைக்கும் நான்தான் கட்டிவிட்டனான்."

அம்மாவின் உதட்டோரம் கொஞ்சம் அசைந்தது. பிறகு இருமல் வந்தது. நெடுநேரம் நிற்கவில்லை.

"ஆரணி," என்றார் பெரியம்மா, "போய் விறகெடுத்து வா."

கூடை பின்கதவடியில் இருந்தது. அப்பா விழுந்த அன்று அம்புலன்ஸ்காரர் ஒருவர் கொண்டுவந்து வைத்தது. உள்ளே அப்பா எடுத்த கட்டைகள் அன்றைய மழையில் ஊறி இன்னும் காயாமல் கிடந்தன. அவற்றை ஓரமாக அடுக்கிவிட்டுக் கதவைத் திறந்தேன். அம்மா எழுந்து வந்து கூடையின் பிடியைப் பற்றினார்.

"நீ போகாதை."

"கொட்டில் வரைக்கும்தானே அம்மா. இப்ப வாறன்."

"போகாதை எண்டு சொல்றன்."

திறந்த கதவால் குளிர்காற்று வீட்டுக்குள் வந்தது. பெரியம்மா அம்மாவின் தோளில் கை வைத்தார்.

"விடு நாயகி, அவள் போகட்டும். உன்ரை மனுசன் குடுத்து வைச்சவர். நோகுது எண்டு ஒரு சொல்லுச் சொல்லேல்லை. தான் விரும்பிச் செய்யிற வேலையிலை போயிட்டார்."

அம்மா பிடியை விடவில்லை. கொட்டிலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சொன்னவர்," என்றார்.

பெரியம்மாவின் கை தோளிலிருந்து இறங்கியது.

"நெஞ்சுக்கை என்னவோ செய்யுது, இண்டைக்கு நீ விறகெடுக்கிறியோ எண்டு கேட்டவர். குளிருக்கை போகப் பஞ்சியிலை நடிக்கிறியள், போங்கோ எண்டு சொல்லிப்போட்டு நான் போர்வையை இழுத்து மூடினனான்."