கண்ணாடிக்குள் ஒரு மூச்சு

இருபத்திரண்டு படங்கள். எல்லாவற்றிலும் பாலைக் கொட்டிவிட்ட மாதிரி வெள்ளை. இன்ஜினியர் திரையை, ஆற்றில் முங்கிப் பாலத்தின் தூண்களைச் சோதிக்கிற அவன் பக்கம் திருப்பினார்.

"இதுல விரிசல் எங்கே?"

"என் கண்ணால பார்த்தேன் சார். மூணு விரல் உள்ள போச்சு."

"உங்க கண்ணை ஃபைல்ல ஒட்ட முடியுமா? தெளிவா ஒரே ஒரு படம் கொடுங்க, உடனே பாலத்தை மூடச் சொல்றேன்."

நியாயம்தான், யார் இல்லையென்றது? ஆனால் நியாயம் பேசுகிற மனிதர் அந்தப் பாலத்தில் போவதில்லை. இவனுடைய மனைவிதான் போகிறாள், தினமும் ஏழு நாற்பது பஸ்ஸில்.

வீட்டில் அவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. தண்ணீர் புகாத கேமரா கூட்டைத் திறந்தான், மூடினான், மறுபடி திறந்தான். ரப்பர் வளையத்தில் ஒரு மணல்துகள்கூட இல்லை. ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகவில்லை. அப்புறம் எங்கிருந்து வந்து தொலைந்தது, படத்தையெல்லாம் வெள்ளையாக்கிய இந்த ஈரம்? யோசித்து யோசித்து மண்டை காய்ந்துவிட்டது.

வேலையிலிருந்து வந்த மனைவி மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, 'ஹா' என்று ஊதித் துடைத்தாள். அதே கையோடு கேமராவை எடுத்து அதன் மேலும் ஒரு 'ஹா'.

"நேத்தும் இப்படித்தானே பளபளன்னு துடைச்சு மூடி வெச்சேன். படம் நல்லா வந்துச்சாங்க?"

அடிப்பாவி! அவளுடைய மூச்சுதான். கூட்டுக்குள் அடைபட்டுக் கிடந்து, ஆற்றின் குளிர் பட்டதும் கண்ணாடியெல்லாம் வியர்வையாகப் படிந்திருக்கிறது. கத்த வாயெடுத்தவன், ஆசையாகத் துடைத்த அந்த விரல்களைப் பார்த்து அடக்கிக்கொண்டான்.

"வந்துச்சு, வந்துச்சு. பாலத்துல விரிசல் இருக்கு. நாளைக்கு லீவு போடேன்."

"இருந்தா மூடியிருக்க மாட்டாங்களா?"

"இன்னும் தெளிவா ஒரு படம் இருந்தாத்தான் மூடுவாங்க."

"அப்போ எடுங்க. எனக்கு லீவெல்லாம் தீர்ந்துபோச்சு." சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலை ஆறு மணிக்குக் கேமராவோடு ஏடிஎம்மில் நின்றான். அக்கம்பக்கத்தில் ஏசி ஓடுகிற அறை அது ஒன்றுதான். காலணி டப்பாக்களில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களைக் கூட்டுக்குள் செருகினான். அரைமணி நேரமாகியும் அவன் நகரவில்லை. காவலாளி எட்டிப் பார்த்தார்.

"என்ன தம்பி, பணம் எடுக்கலையா?"

"காத்து எடுக்கறேன் அண்ணே. காஞ்ச காத்து."

"நல்லா எடு, அதுக்குக் கார்டு வேணாம்."

மூச்சை அடக்கிக்கொண்டு கூட்டை மூடினான்.

முங்கும்போது மணி ஏழு முப்பத்தைந்து. கலங்கல் தண்ணீரில் தூணைத் தடவித் தடவி இறங்கினான். விளக்கொளியில் விரிசல் தெரிந்தது. நேற்று மூன்று விரல். இன்று உள்ளங்கையே போனது. கேமராவைத் தூக்கினான். கண்ணாடி சுத்தமாக இருந்தது.

முதல் படம் எடுத்தான். இன்னொன்று எடுக்க விரலை வைத்தபோது, தூணைப் பற்றியிருந்த இடது கைக்குள் ஓர் அதிர்வு இறங்கியது. மேலே ஏதோ கனமாக ஏறுகிறது. நேரம் பார்க்கத் தேவையில்லை, ஏழு நாற்பது பஸ். விரிசலிலிருந்து சேறு புகை மாதிரி மெல்ல வெளியே வந்தது. நின்றது. மறுபடி வந்தது. அவன் கேமரா பொத்தானை அழுத்தினான், அழுத்திக்கொண்டே இருந்தான்.