மாமாவிடம் போகிறோம்

தாராவியிலிருந்து கிளம்பும்போதே பதிலை மனப்பாடம் செய்திருந்தேன். சும்மா மலை ஏற வந்தோம், உச்சியில் படம் எடுக்கவேண்டும். கல்யாண் வரும்வரை ரயிலில் அதை இந்தியில் சொல்லிப் பார்த்தேன். மாலை வகுப்பில் பெயரைக் கூப்பிட்டாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும் எனக்கு.

அக்கா மாரீஸ்வரிக்கு மறுநாள் ஆபரேஷன். முதல் இரண்டு கருவும் தங்கவில்லை. இந்தப் பிள்ளை பிறக்குமுன் மலையில் பச்சைப் போர்வை சாத்துவதாக அம்மா நேர்ந்திருந்தாள். உச்சியில் சமாதியில் அடங்கியிருப்பவரை முஸ்லிம்கள் பீர் என்பார்கள், இந்துக்கள் நாதர் என்பார்கள். எல்லாரும்தான் ஏறுவார்கள். அம்மாவுக்கு அவர் மாமா. திருநெல்வேலிப் பக்கம் முஸ்லிம் வீட்டுப் பெரியவர்களை அப்படி அழைத்துப் பழகியவள்.

சில வாரங்களாக அடிவாரத்தில் காவித் துண்டு போட்ட இளைஞர்கள் நின்று பச்சைத் துணியோடு வருகிறவர்களைத் திருப்பி அனுப்புவதாகக் கேள்வி. அதனால் போர்வையைப் பையின் அடியில் வைத்து, மேலே என் சட்டையைத் திணித்திருந்தேன். சட்டை போதுமா என்று வழியில் பலமுறை திறந்து பார்த்தேன்.

"ஏல, கோழி முட்டையைப் பாக்க மாரி பாக்காத," என்றாள் அம்மா.

முதல் படியிலேயே இருவர் மறித்தார்கள். தாடி வைத்தவன் பையைத் தொட்டான்.

"கிஸ்கே பாஸ் ஜா ரஹே ஹோ?"

யாரிடம் போகிறோம்? மனப்பாடம் செய்ததை மறந்து பையை இழுத்துக்கொண்டேன்.

"மாமா கே பாஸ்," என்றாள் அம்மா, உடைந்த இந்தியில். "சப் போல்னா ஹை."

எல்லாம் சொல்லவேண்டுமாம். தாடிக்காரன் கையை எடுத்தான். பம்பாயில் மாமா என்றால் போலீஸ்காரர். பாதி மலையில் ஒரு போலீஸ் சாவடி இருக்கிறது. இருவரும் ஒதுங்கி நின்றார்கள்.

அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "நல்ல பிள்ளைய," என்று ஏறினாள்.

போர்வை சாத்தியாயிற்று. எனக்குத்தான் நிம்மதி இல்லை. இறங்கும்போது அவர்கள் இருப்பார்களே.

இருந்தார்கள். தாடிக்காரன் கேட்டான்: "மாமா மிலா?"

"மிலா, மிலா. சப் போலா," என்றாள் அம்மா. பார்த்தாளாம், எல்லாம் சொன்னாளாம்.

அவன் முகம் வெளுத்தது. என்னிடம் மெதுவாக, "ஹமாரா நாம் பீ?" என்றான்.

"என்னல கேக்கான்?"

தங்கள் பெயரையும் போலீஸிடம் சொன்னாளா என்று கேட்டான். "அக்காவப் பத்திக் கேக்காம்மா," என்றேன்.

அம்மா உருகிவிட்டாள். மேலே கொடுத்த சீனிப் பொட்டலத்தைப் பிரித்து நீட்டினாள். அவன் செருப்பைக் கழற்றி, இடக்கைமேல் வலக்கை வைத்து வாங்கி, கண்ணில் ஒற்றி வாயில் போட்டுக்கொண்டான். அப்புறம்தான் பக்கத்தில் நின்றவன் சிரிப்பதைப் பார்த்தான்.

"சுப் பே," என்று அவனை அடக்கினான்.

"அவனுக்கும் மாமாதான்," என்றாள் அம்மா.

பத்தடி நடந்து திரும்பினேன். ஒட்டிய சீனியைப் பேண்டில் துடைத்தபடியே, பின்னால் வந்த ஒரு குடும்பத்தின் பையைத் திறக்கச் சொல்லிக்கொண்டிருந்தான். அந்தப் பெண் பையை மார்போடு அணைத்திருந்தாள். ஓரத்தில் பச்சை தெரிந்தது.

யோசிக்குமுன் கத்திவிட்டேன். "மாமா ஆ ரஹா ஹை!"

இருவரும் கடைகளுக்குப் பின்னால் மறைந்தார்கள். அந்தக் குடும்பம் படியேறியது.

"எங்கல வாராக?" அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு மலையை அண்ணாந்து பார்த்தாள்.

நான் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். "வாராகம்மா. நீ வேகமா நட."