தராசுக் கம்பத்தில் கட்டிய வலை

சனிக்கிழமை காலை, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில், தோட்டத்து மேற்பார்வையாளரான கண்டாக்கு முத்துலிங்கம் இரண்டு செய்திகள் சொன்னார். மழைக்குப் பிறகு கொழுந்து பொங்கி நிற்பதால் நாளை கைக்காசுக்குப் பறிக்க ஆள் வேண்டும் என்பது ஒன்று. தொழிலாளர் குடியிருக்கும் லயத்தின் கோடியில் உள்ள வாசிகசாலையில் இன்று முதல் உர மூட்டை அடுக்கப்படும் என்பது மற்றது. முதலாவது பழைய கதை. பறித்த எடைக்குக் கையில் காசு தரும் ஞாயிற்றுக்கிழமைக் கைக்காசு கட்டாயம் இல்லை, போகிறவர் போகலாம். இரண்டாவதைக் கேட்டதும் வரிசையில் நின்றவர்கள் திரும்பி நாகலெட்சுமியைப் பார்த்தார்கள்.

"என்னைய எதுக்குப் பாக்குறீங்க? நானா உரம்?" என்றாள் அவள்.

தலவாக்கலைக்கு மேலே இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டப் பிரிவில் அவளை 'ஒண்ணுல நிக்காதவ' என்பார்கள். வயது முப்பத்தெட்டு. ஆறு நாள் கொழுந்து பறிப்பாள். ஏழாவது நாள் வாசிகசாலையைத் திறப்பாள். பழைய பத்திரிகையும் கால் உடைந்த கதிரையுமாகக் கிடந்த அறையை அவள்தான் கூட்டிப் பெருக்கினாள். கரம் பலகை வந்தது. பிறகு செஸ். நகரசபை நூலகத்திலிருந்து நாவல்கள். சுவரில் வெள்ளைச் சேலையைக் கட்டித் தமிழ்ப் படம் ஒரு வாரம், சிங்களப் படம் ஒரு வாரம், கொரியப் படம் ஒரு வாரம். டவுனில் துணிக்கடையில் நிற்கும் பிரேமினி, சிங்களவர் ஆடிப் பாடும் பைலாப் பாட்டைக் கொண்டுவந்தாள். அட்டனில் யாரோ பாவித்துவிட்டு விற்ற பெட்மின்டன் மட்டைகளும் வந்து சேர்ந்தன. வாசலில் டேலியாச் செடிகள்.

இதில் எதிலும் நாகலெட்சுமி கெட்டிக்காரி அல்ல. கரத்தில் சிவப்புக் காய் எப்போதும் எதிராளிக்கே போகும். பாடினால் சுருதி தப்பும். அதைப் பற்றி அவள் கவலைப்பட்டதாக யாரும் சொல்லவில்லை.

பெரட்டு கலைந்ததும் முத்துலிங்கம் அவளைக் கூப்பிட்டார்.

"தையல் வகுப்பு ஒண்ணு வையி, நாகலெட்சுமி. தோட்டத்துத் தொரகிட்ட நானே பேசி ரூமைத் திருப்பி வாங்கித் தாரேன். போட்டோ புடிச்சு மேல அனுப்பலாம். பொம்பளைகளுக்கும் பிரயோசனம்."

"தையலும் வைக்கலாங்க. பக்கத்துல கரமும் இருக்கட்டும்."

"அந்தக் கரப் பேச்சே வேணாங்கிறேன். ஒண்ணச் சொல்லு. கரம், படம், பாட்டு, பந்து, பூஞ்செடி. இதுல ஒனக்கு என்ன கெடைக்குது?"

"தொர நுவரெலியாவுக்குக் கொல்ப் அடிக்கப் போறாரே, அவருக்கு என்னங்க கெடைக்குது?"

"அவரு தொர."

"நான் ஆறு நாளு ஒங்க ஆளு, ஐயா. மத்த நாளுக்குக் கணக்குக் கேக்காதீங்க."

"அப்ப ரூம் இல்ல. எங்க வச்சு ஆடுறேன்னு பாக்குறேன்" என்று சொல்லிவிட்டு அவர் மோட்டார் சைக்கிளை உதைத்தார்.

அந்தப் பிரிவில் எல்லாமே சரிவு. வாசிகசாலையை விட்டால் சமதரை என்று இருப்பது பெரட்டுக் களம் மட்டும்தான். காலையில் வேலைக்குப் பிரித்து அனுப்புவதும் மாலையில் கொழுந்து நிறுப்பதும் அங்கேதான். அங்கேயே ஆடுவதென்று நாகலெட்சுமி அன்று மாலையே முடிவு செய்துவிட்டாள். அடுத்து, ஆள் கூட்ட அவளுக்கு ஒரு தப்பு மேளம் தேவைப்பட்டது.

மேட்டுக்கு அப்பால் இருக்கும் தொழிற்சாலைச் சங்கு அந்த லயங்களுக்குக் கேட்காது. அதனால் அங்கே இன்றும் சிவசாமி களத்தில் நின்று தப்படித்துத்தான் பெரட்டுக்கு ஆள் கூப்பிடுவார். சிவசாமிக்குச் செஸ் பைத்தியம், ஆனால் ஆட்டத்தில் நாகலெட்சுமியையும்விட மோசம். நாகலெட்சுமி தன் சேவலைப் பந்தயம் வைத்தாள். அவர் தப்பை வைத்தார், ஞாயிறு மத்தியானம் வரைக்கும். தோற்றதும் அதைக் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

"பொம்பளக் கை படக் கூடாதும்மா."

"என் ராணி ஒங்க ராசாவ மடக்குனப்ப அதச் சொல்லலியே, மாமா."

சிவசாமி தப்பைக் கொடுத்தார். "நல்லா அனல்ல காட்டு. பனிக்குத் தொய்ஞ்சு போயிரும்" என்று மட்டும் சொன்னார்.

ஞாயிறு காலை வெயில் ஏறியபோது கரம் பலகை பெரட்டு மேசைமேல் இருந்தது. பெட்மின்டன் வலையின் ஒரு நுனியை விளக்குக் கம்பத்தில் கட்டினார்கள். மறு நுனிக்குக் கம்பம் இல்லை. கொழுந்துத் தராசைத் தொங்கவிடும் மூன்று கால் இரும்புச் சட்டம் மட்டும் நின்றது. பிரேமினி அதன் ஒரு காலில் வலையை இறுக்கினாள். பிறகு அவள் பைலாப் பாட்டை எடுக்க, நாகலெட்சுமி தப்பில் அடித்தாள். தடுமாறிய அடிதான். பெரட்டு அடிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

ஆனால் களத்தில் தப்புக் கேட்டது. லயங்களில் அது போதும். கதவுகள் திறந்தன. இடுப்பில் படங்குச் சாக்கைச் சுற்றிக்கொண்டே பெண்கள் இறங்கினார்கள். கூடைக் கயிறு நெற்றியில் ஏறியிருந்தது. ஒருத்தி வாயில் ரொட்டி. களத்துக்கு வந்தவர்கள் யாரையும் எதுவும் கேட்கவில்லை. வழக்கமான இடங்களில் வரிசையாக நின்றார்கள்.

நாகலெட்சுமியின் கை நின்றது. பாட்டும் நின்றது. அவள் எதற்காக அடித்தாள் என்று வரிசையில் ஒருவருக்கும் தெரியவில்லை.

முத்துலிங்கம் தராசைத் தூக்கிக்கொண்டு வந்தார். இத்தனை பேரை எதிர்பார்க்காத முகம்.

"பரவால்லையே. எல்லாரும் வந்துட்டீங்க. ஏழாம் நம்பர் மலைக்கு ஏறுங்க."

"ஐயா, இது பெரட்டு இல்ல. நான்தான் அடிச்சேன்."

"யாரு அடிச்சா என்ன? வந்தாச்சுல்ல."

முன்வரிசையில் நின்ற ராக்காயி, நாகலெட்சுமியின் பக்கத்து வீட்டுக்காரி, கூடையைச் சரிசெய்தபடி கேட்டாள்: "அப்ப எதுக்குடி அடிச்ச? காலங்காத்தால ஊரக் கூட்டுற."

"ஆடுறதுக்கு, மதினி."

"ஆடுறதுக்கா? இந்த இடுப்ப வச்சுக்கிட்டா?"

வரிசை சிரித்தது. நாகலெட்சுமி சிரிக்கவில்லை.

"வேலைன்னு நெனச்சதும் வாயில ரொட்டியோட ஓடி வந்தீங்க. ஆட்டம்னு ஒவ்வொரு வாரமும் வீடு வீடா வந்து கூப்பிட்டேன். எத்தன பேரு வந்தீங்க? மலைக்குப் போறவங்க போங்க, மதினி. காசு வேணும்னா போகத்தான் வேணும். ஆனா எவளும் தப்புக் கேட்டுப் போகாதீங்க. இன்னைக்குத் தப்பு எங்கிட்ட இருக்கு."

பிறகு பின்வரிசையில் சிலர் மலைப் பாதையில் ஏறினார்கள். இன்னும் சிலர் அவர்கள் பின்னால் போனார்கள். ராக்காயி வெற்றிலையைத் துப்பிவிட்டு அவர்களையும் களத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். கூடையை இறக்கிக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தாள்.

"நான் வெளையாட மாட்டேன். பாக்குறேன். எவளாச்சும் விழுந்தா சொல்லிச் சிரிக்க ஆள் வேணும்ல."

அவளைப் பார்த்து மேலும் பத்துப் பன்னிரண்டு கூடைகள் கவிழ்ந்தன.

முத்துலிங்கம் சட்டத்தருகே வந்தார். "வலைய அவுரு. தராசு மாட்டணும்."

"கொழுந்து எறங்க மத்தியானமாகும்ங்க. அதுவரைக்கும் ஆடுவோம்."

"நாளைக்குப் பெரட்டுல நான்தான் பேர் கூப்புடுவேன், ஞாபகம் வச்சுக்க. ஒனக்கு உச்சி மலைதான்."

"உச்சி மலையில நல்லாக் காத்து வரும், ஐயா."

பிரேமினி இறகுப் பந்தை அடித்தாள். அது வலையைத் தாண்டி நாகலெட்சுமியின் மட்டைக்குச் சிக்காமல் கண்டாக்கின் சப்பாத்தருகே விழுந்தது. அவர் குனிந்து எடுத்தார். திருப்பித் தருவார் என்று பிரேமினி கையை நீட்டினாள். அவர் அதைக் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

ராக்காயி கூடையிலிருந்து பாதி எழுந்தாள்.

நாகலெட்சுமி கரம் பலகையருகே போய்த் துணிப்பையைத் துழாவினாள். இறகு பாதி உதிர்ந்த இன்னொரு பந்து கிடைத்தது. அதை ஊதித் தூசு தட்டினாள்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க ஐயா, கோட்டுக்குள்ள நிக்கிறீங்க" என்று சொல்லிவிட்டு அடித்தாள்.